நாற்பத்தொன்றில் ஏழு

செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவும் என்று வாசல் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். விட்டாயிற்று. இன்னும் படியேறவில்லை. வெறுங்காலோடு ஒரு மியூசியத்துக்குள் போவது ஏனோ கூச்சமாக இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் மியூசியங்களில் வேலை பார்த்து, காப்பாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், ஒரு நாள்கூட என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னவர் இல்லை. தரை காலைச் சுடுகிறது. தூத்துக்குடியில் காலை பத்து மணிக்கே வெயில் இப்படித்தான், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டாக்டர் தேவவரம் நினைவுக் கலைக்கூடம், சனி ஞாயிறு மட்டும், பத்து முதல் ஒன்று வரை. பலகையை மூன்றாம் தடவையாகப் படிக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமையானால் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, யாராவது தன் வீட்டில் சேர்த்து வைத்து ஊருக்குத் திறந்து விட்டிருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. ஒருவர் மாடியறை முழுக்கப் பூட்டுகளாக வைத்திருந்தார். ஒரு டீச்சரம்மா கல்யாணப் பத்திரிகைகளை நூறு வருஷத்துக்குச் சேர்த்திருந்தார்கள். பாண்டிச்சேரியில் ஒரு வீட்டில் வெறும் கண்ணாடி ஓவியங்கள். சின்னச் சின்ன ஊர்களின் அரசு மியூசியங்களையும் விடவில்லை, யாருமே வராத மத்தியான வேளைகளில் கல்சிலைகளோடு தனியாக நின்றிருக்கிறேன். பொழுதுபோக்கு என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். பொழுதுபோக்குத்தானா? ஒவ்வொரு இடத்திலும் முதலில் என் கண் தேடுவது அங்கே இருக்கும் பொருளை இல்லை. இதை யாராவது எப்போதாவது என் மேஜைக்குக் கொண்டு வந்து, நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேனா என்பதைத்தான். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை, பிழைத்தோம் என்று பஸ் ஏறிவிடுவேன். நாலு மாதத்துக்கு முன்னால் பேப்பரில் ஒரு மூலையில் வந்திருந்த செய்தியில் கஸ்பார் பர்னாந்து என்ற பெயரைப் பார்த்தேன். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த ஓவியர், அவர் படங்கள் டாக்டர் தேவவரம் வீட்டில் தனி அறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. நாலு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வேறு ஏதாவது ஊருக்குப் பஸ் ஏறினேன்.

உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது, உயரமான கூரை. நாற்பத்தெட்டு ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வாங்க சார் என்கிறாள். கதர் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. பெயரேட்டை என் பக்கம் திருப்பி வைக்கிறாள். பெயர், ஊர், தொழில். குற்றாலிங்கம் என்று எழுத ஆரம்பித்து, முதல் எழுத்தோடு நிறுத்தி, அதையே இனிஷியலாக்கி, கு. லிங்கம் என்று முடிக்கிறேன். எழுபத்தொரு வயதில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரை ஒளிக்கிறவன். தொழில் என்ற இடத்தில் ஓய்வு என்று மட்டும் போடுகிறேன். எங்கே வேலை பார்த்தீங்க சார் என்று கேட்கிறாள், எல்லாரிடமும் கேட்பாள் போலிருக்கிறது. வாய் என்னை முந்திக்கொண்டு மியூசியம் டிப்பார்ட்மெண்ட் என்று சொல்லிவிட்டது. அவள் முகம் மலர்ந்துபோயிற்று. உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்க இங்கே அபூர்வமாத்தான் வர்றாங்க, நிதானமாப் பாருங்க, ஏதாவது தப்பா வச்சிருந்தா சொல்லுங்க என்றாள். தன் பெயர் ஜெசிந்தா என்றாள். டாக்டர் இறந்து ஆறு வருஷமாகிறதாம், அவர் பிள்ளைகள் வெளிநாட்டில், இவள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாளாம். அப்புறம், கஸ்பார் பர்னாந்து எங்க அப்பா சார், அவர் படங்கள் கடைசி ரூம்ல இருக்கு என்றாள். நான் தலையை ஆட்டினேன். காது ஒரு நிமிஷம் அடைத்துக்கொண்டது, பஸ் மலையேறும்போது அடைக்குமே அப்படி.

கடைசி அறைக்கு எடுத்த எடுப்பில் போக முடியாது. முதல் அறையில் சங்குகள். இரண்டாவதில் கப்பல் விளக்குகள், முத்துக் குளிக்கிறவர்கள் காலில் கட்டிக்கொண்டு இறங்கும் கல், பழைய துறைமுகத்தின் போட்டோக்கள். போட்டோக்கள் மேல் ஜன்னல் வெயில் நேராக விழுகிறது, அது கூடாது, ஒரு திரை போடச் சொல்ல வேண்டும். விவர அட்டைகளை ரொம்பக் கீழே ஒட்டியிருக்கிறார்கள், குனிந்து படிக்க வேண்டியிருக்கிறது. சங்குகளுக்கு அடியில் பஞ்சு வைத்திருக்கக் கூடாது, ஈரத்தை இழுக்கும். இதையெல்லாம் கவனிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் அடங்குகிறது. எனக்குத் தெரிந்த வேலை இது. ஒரு பொருளை எங்கே வைப்பது, எவ்வளவு வெளிச்சம் வேண்டும், பூச்சி அரிக்காமல் என்ன போடுவது, எல்லாம் தெரியும். என்ன பொருள் என்று பார்ப்பதுதான், அந்த ஒன்றுதான். இல்லை, அப்படிச் சொல்வதும் சரியில்லை. பார்க்கத் தெரியாதவன் இல்லை நான். ஒரு வெண்கலச் சிலையைக் கையில் கொடுத்தால் இருபது வருஷ வித்தியாசத்துக்குள் காலம் சொல்வேன். பார்க்கவில்லை, அவ்வளவுதான். தெரியாமல் விட்டதற்கும் பார்க்காமல் விட்டதற்கும் இருக்கிற வித்தியாசத்தை எத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எண்பத்தைந்தாம் வருஷம், எந்த மாதம் என்பது மறந்துவிட்டது. வேறு ஒரு ஊரில் உதவிக் காப்பாட்சியராக இருந்தேன், வயது முப்பத்தொன்று. பெரிய காப்பாட்சியர் நீண்ட விடுமுறையில் இருந்ததால் அவர் நாற்காலியும் என்னிடம்தான். ஒரு அம்மாள் வந்தாள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள், பஸ்ஸின் கூரையில் சாக்குக் கட்டு ஒன்றை ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு பேர் தூக்கி வந்து என் மேஜைமேல் வைத்தார்கள். புருஷன் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார், அவர் வரைந்த நாற்பத்தொரு படங்கள் இதில் இருக்கின்றன, வீட்டில் வைக்க இடமில்லை, மழை பெய்தால் தண்ணீர் ஏறிவிடுகிறது, கவர்மெண்டு வைத்துக்கொண்டால் பத்திரமாக இருக்கும் என்றாள். இனாமாகத்தான் கொடுக்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று அவளை வெளியே காத்திருக்கச் சொன்னேன். கட்டைக் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். கடற்கரைக்காரர்கள் போடும் முடிச்சு. நான் அவிழ்த்துப் பார்த்தேன், வரவில்லை. அறுக்கலாமா என்று கேட்டிருக்கலாம். பியூனைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த அம்மாளையே அவிழ்க்கச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் அவிழ்த்திருப்பாள், அவள் ஊர் முடிச்சு. சென்னையிலிருந்து மறுநாள் அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது, அதனால் அவசரம் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். பிறகு ஒரு நாள் அந்த ஆய்வு வேறு வருஷம் என்று ஞாபகம் வந்தது. பசி என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பல்வலி என்றும். ஒன்றும் நிற்கவில்லை. சாக்கைக் கொஞ்சம் விலக்கி மேலாக இருந்த ஒன்றில் என்ன தெரிந்ததோ அதைப் பார்த்தேன், உப்பளத்து மேஸ்திரி என்ற வார்த்தையை அதோடு சேர்த்துக்கொண்டேன், முடிந்தது. அவளை உள்ளே கூப்பிட்டு, பரிசீலித்துக் கடிதம் போடுகிறோம் அம்மா என்றேன். அவள் கும்பிட்டாள். மறுபடியும் இரண்டு பேர் கட்டைத் தூக்கிக்கொண்டு அவளோடு போனார்கள். முடிச்சு முடிச்சாகவே போயிற்று. நாலாம் நாள் கடிதம் போட்டேன். அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து, வட்டாரக் கலைஞர்களைக் காப்பாற்றுவது நம் கடமை என்று ஒரு கருத்தரங்கில் முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். அன்றைக்கு அந்தக் கட்டு ஞாபகம் வந்ததா? வந்தது. பேச்சின் நடுவிலேயே வந்தது. தண்ணீர் குடித்தேன், பேசி முடித்தேன்.

கடைசி அறையின் நிலைப்படியில் நிற்கும்போது நான் வேண்டிக்கொண்டது இதுதான், படங்கள் மோசமாக இருக்க வேண்டும். காலண்டர் படத்தைப் பார்த்து வரைந்ததாக, கை கால் அளவு தெரியாததாக, புருஷன் என்ற பாசத்தினாலும் அப்பா என்ற பாசத்தினாலும் ஒரு டாக்டரின் இரக்கத்தினாலும் மட்டுமே சுவரில் தொங்குவதாக இருக்க வேண்டும். அப்படி இருந்துவிட்டால் நான் பார்க்காமல் சொன்னதும் சரியாகிவிடும். ஏழு இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையின் அளவு. படகுக்குப் பூசும் பெயிண்டில் வரைந்தவை என்று அட்டை சொன்னது. நான் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன். எல்லாப் படத்திலும் உப்பு மேலே, மேலே, உச்சி வரைக்கும் ஏறிப் போகிறது, வானம் ஒரு விரற்கடைதான். முதலில் அது குறையாகத் தெரிந்தது, ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது, வானத்துக்கு இடம் விடத் தெரியவில்லை பார் என்று. அப்புறம் புரிந்தது. உப்பளத்தில் நடக்கிறவன் நிமிர மாட்டான். கண் கூசும். தலையைக் குனிந்தபடிதான் காலமெல்லாம் நடப்பான், அவனுக்கு வானம் அவ்வளவுதான். முப்பது வருஷம் குனிந்து நடந்த ஒருத்தன் தன் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே போட்டிருக்கிறான், யாரும் சொல்லிக் கொடுக்காமல். ஒரு படத்தில் உச்சி வெயில், ஒரு லாரி நிற்கிறது, அதன் நிழல் ஒரு பாய் அகலம், அந்த நிழலுக்குள் எட்டுப் பேர் ஒடுங்கி உட்கார்ந்து சோறு தின்கிறார்கள், தண்ணீர்ப் பானை மட்டும் வெளியே வெயிலில் இருக்கிறது. பானைக்கு இடம் இல்லை. வேறெதுவும் அதில் இல்லை, ஆனால் என்னால் அந்தப் பானையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னொன்றில் பெட்டி சுமந்து போகிற பெண்கள், பின்னாலிருந்து. ஒரே வரிசை. ஆனால் ஒவ்வொரு முதுகும் வேறு, ஒவ்வொருத்தியின் வயதையும் முதுகிலிருந்து சொல்லிவிடலாம். அந்தப் பலகையின் ஓரத்தில் ஆணித் துளைகள், ஒரு கீல் இருந்த தடம். வேறொன்றின் நடுவில் ஏதோ பாத்திரம் வைத்த வட்டமான கறை. இதெல்லாம் என்ன என்று கேட்க வேண்டாம், எனக்கே தெரிகிறது.

ஜெசிந்தா பின்னால் வந்து நின்று சொன்னாள். மொத்தம் நாற்பத்தொன்று இருந்ததாம். கட்டிலுக்கு அடியில் கட்டாகவே கிடந்ததாம், அதற்கப்புறம் ஒரு பெருமழை வந்ததாம். வீட்டில் சாமான் எல்லாம் போனபோது பலகைதான் மிச்சம். ஆட்டுக்கு மறைப்பு, குளிக்கிற இடத்துக்குக் கதவு, பக்கத்து வீட்டில் கேட்டவர்களுக்கு ஒன்று இரண்டு, அடுப்புக்குச் சில. அம்மா ஒவ்வொண்ணாக் கொடுக்கும்போது அழுதாங்களான்னு நிறையப் பேர் கேக்கிறாங்க சார், அழலை, அப்போ எங்களுக்குப் பலகை வேணும் என்றாள். அவளுக்கு அப்போது ஒன்பது பத்து வயது. பிறகு எத்தனையோ வருஷம் கழித்து டாக்டர் தேவவரம் காய்ச்சலுக்குப் பார்க்க வீட்டுக்கு வந்தவர், அரிசி டிரம்மின் மூடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அப்படித் தெருத் தெருவாகத் தேடிச் சேர்த்தது இந்த ஏழு. மற்ற முப்பத்துநாலில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாளாம். ஆட்டுக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேர், இவர்கள் சொன்னதில் பதினொரு படம் தேறியிருக்கிறதாம். மற்றவை பற்றிச் சொல்ல ஆள் இல்லை. இதைச் சொல்லிக்கொண்டே அவள் ஒரு பக்கமாக நகர்ந்தாள். அப்போதுதான் அவள் மறைத்துக்கொண்டிருந்த சுவரில் ஒரு சின்னச் சட்டம் தெரிந்தது. கண்ணாடிக்குள் ஒரு கடிதம். ஊதா நிறத்து வட்ட முத்திரை வெளிறிப்போயிருந்தது. டைப் அடித்த ஆங்கிலம், கீழே கையெழுத்து. என்னுடையது. இப்போது நான் போடுவதைவிட அழகாக, கடைசி எழுத்துக்கு ஒரு சுழிப்போடு.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடவில்லை, படித்தேன். முதல் பாரா, தங்களுடைய பொதுநல உணர்வை இவ்வலுவலகம் பெரிதும் பாராட்டுகிறது. இரண்டாவது பாரா, தாங்கள் அளிக்க முன்வந்த படங்கள் ஆய்வு செய்யப்பட்டன, அவை ஓர் ஆர்வலரின் பயிற்சி முயற்சிகள், அருங்காட்சியகத்தில் வைக்கத்தக்க தகுதி உடையவை அல்ல. எத்தனை பேருக்கு இதே கடிதத்தை அனுப்பியிருப்பேன், பெயரை மட்டும் மாற்றி. ஆய்வு செய்யப்பட்டன. அந்த ஒரு வார்த்தையில் கண் மாட்டிக்கொண்டுவிட்டது. மற்றதெல்லாம் அபிப்பிராயம், தப்பாக இருக்கலாம், மனிதன் தப்புச் செய்வது சகஜம். ஆய்வு என்பது அபிப்பிராயம் இல்லையே. அது நடந்தது அல்லது நடக்கவில்லை. இதை எதற்கு இங்கே மாட்டியிருக்கிறார்கள்? என்னைச் சந்தி சிரிக்க வைக்கத்தான், வேறெதற்கு. வருகிறவர்களெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டு இதைப் படித்து, எவன் இவன் என்று கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். அதுதான் நியாயம். இப்படி நான் எனக்குள் தண்டனையை ஏற்றுக்கொண்டு நிற்கும்போது ஜெசிந்தா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். ஒரு உதவி. அம்மா இருக்கும்போது மட்டும் இதைப் படிச்சுச் சொல்லிடாதீங்க."

அம்மா இருக்கிறார்களா என்று கேட்டேன். பின்கட்டில்தான் இருக்காங்க, எண்பத்தாறு வயசு என்றாள். கடிதம் வந்த அன்றைக்கு வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லையாம். கொண்டு வந்த தபால்காரரே பிரித்து முதல் இரண்டு வரியைப் படித்திருக்கிறார். கவர்மெண்டுல உங்களைப் பாராட்டியிருக்காங்க என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் ஏறிப் போய்விட்டார். அம்மா அதைச் சட்டம் போட்டு, அப்பாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். படங்களைத்தான் ஏன் கேட்டு அனுப்பவில்லை என்று கொஞ்ச நாள் பார்த்தாளாம், பிறகு அங்கேயும் இடம் இருக்காது பாவம் என்று விட்டுவிட்டாளாம். மழைக்குத் தப்பிய சாமான்களில் அந்தச் சட்டமும் ஒன்று. தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாளாம். பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் ஜெசிந்தா அதை முழுவதும் படித்தாள். அன்றிலிருந்து இன்று வரை அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த அறை திறந்தபோது, அதையும் இங்கே மாட்ட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்திருக்கிறாள். தினம் காலையில் வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகிறாளாம். துடைக்கிறாள். என் கையெழுத்தைத் தினம் துடைக்கிறாள். சந்தி சிரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மியூசியத்துல வேலை பார்த்தவர் வந்திருக்கார்னா அம்மா சந்தோஷப்படுவாங்க, ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போங்க என்று அவள் கூப்பிட்டபோது முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லியிருக்கலாம். பல்வலி என்று சொல்லியிருக்கலாம். நடந்து போனேன். பின்கட்டில் ஜன்னலோரம் அவள் அம்மா ரெஜினம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சின்ன உருவம், கண்ணில் கண்ணாடி, ஒரு கண் வெள்ளை படர்ந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், அப்போது தலை நிறைய முடி, ஒல்லியாக இருப்பேன். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். மகள் அறிமுகம் செய்து வைத்ததும் பூண்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் கேட்டது நேராக அதைத்தான்.

"ஐயா, அப்ப உங்க ஆபீஸ்ல ஒரு சார் இருந்தாவ. ஒல்லியா இருப்பாவ. நாற்காலி எடுத்துப் போடச் சொன்னாவ எனக்கு. அவிய இப்ப இருக்காவளா?"

நாற்காலி எடுத்துப் போடச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்லை. இருக்காரும்மா என்றேன். நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"அவிய எல்லாப் படத்தையும் பாத்தாவளா? கட்ட அவுக்கவே இல்லியோன்னு எனக்கு ஒரு சந்தேகம். திரும்பி வந்த கட்டு, நான் போட்ட மாதிரியே இருந்துது."

நாற்பது வருஷம் அந்தச் சந்தேகத்தை அவள் வைத்திருந்திருக்கிறாள். பாராட்டுக் கடிதத்துக்குப் பின்னால், தினம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. ஜெசிந்தா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. பார்த்தாரும்மா என்றேன். எல்லாத்தையுமா என்றாள். எல்லாத்தையும் என்றேன். அந்த அம்மாள் அதோடு விட்டிருக்கலாம். அவளுக்கு விட மனம் இல்லை, புருஷன் படத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர் ஒருவர் பேசிக் கேட்பது அவளுக்கு இதுதான் முதல் தடவையாக இருக்கும். எது அவியளுக்குப் பிடிச்சுதுன்னு சொன்னாவளா என்று கேட்டாள். கடைசி அறையில் தொங்கும் ஏழில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம், லாரி நிழலைச் சொல்லியிருக்கலாம், நியாயமாகவும் இருந்திருக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு. ஒரு கால், என்றேன். உப்பில் நிற்கிற ஒரு பெண்ணின் பாதம். லாரி டியூப்பை அறுத்துப் பாதத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும். கணுக்காலுக்கு மேலே உப்பு பட்டு வெடித்த தோல். பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் அந்தக் காலின் நிழல், பச்சை நிறத்தில். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது, அந்தப் பச்சை. நாற்பது வருஷமாக அது உள்ளே இருந்திருக்கிறது. நிழலுக்குப் பச்சை போட்டிருக்கிறானே என்று அன்றைக்கே ஒரு கணம் தோன்றியது, ஆமாம், தோன்றியது, நான் அதைத் தள்ளிவிட்டேன்.

ரெஜினம்மாள் சிரித்தாள். "அது நாந்தான்" என்றாள். கல்யாணமாகி இரண்டாவது வருஷமாம், அவளும் உப்பு வாரப் போய்க்கொண்டிருந்தாளாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா நிற்க வைத்து வரைந்தாராம், கால் கடுத்துப்போய்ச் சண்டை போட்டாளாம். படம் எப்படி வந்திருந்தது என்று நான் கேட்டேன். யாரு நின்னு பாத்தா, அடுப்புல உலை கொதிச்சிக்கிட்டு கெடந்துது, முடிச்சதும் கட்டுல வச்சிட்டாவ என்றாள். பிறகு கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாள். அந்த சாரைப் பாத்தா சொல்லுங்க, அவியளுக்கு நல்ல கண்ணு என்றாள். அங்கிருந்து எப்படி எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை. கும்பிட்டேனா என்பதும் தெரியவில்லை.

முன்னறையில் ஜெசிந்தா எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். கையில் அந்த நோட்டு. முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. கால் படம் எங்க லிஸ்ட்ல இல்லை சார், யாருமே சொன்னதில்லை, அம்மாகூட இதுவரை சொன்னதில்லை, அந்த சார் உங்ககிட்ட வேற என்னவெல்லாம் சொன்னார், அவர் எங்கே இருக்கார், நான் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் பார்த்தவர் என்றுதானே நான் உள்ளே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முப்பத்துநாலும் அவருக்குத் தெரியும் என்று அவள் நினைக்கிறாள். அம்மாவுக்குச் சொன்ன பொய் ஒரு பத்தடி தூரத்தில் இவளுக்கு நம்பிக்கையாக மாறி நிற்கிறது. தண்ணீர் குடித்துவிட்டுப் பேசி முடிக்க இது கருத்தரங்கு இல்லை.

"அந்தக் கையெழுத்து என்னுடையதும்மா" என்றேன். "நான் கட்டை அவிழ்க்கலை. எதையும் பார்க்கலை. சாக்கை விலக்கினேன், மேலே இருந்ததில் ஒரு மூலை தெரிஞ்சுது. அந்தக் கால்தான் தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

அவள் கடைசி அறையில் அந்தச் சட்டம் தொங்கும் பக்கம் பார்த்தாள், பிறகு மேஜைமேல் இருந்த பெயரேட்டைப் பார்த்தாள், பிறகு என்னை. திட்டுவாள் என்று நின்றேன். வெளியே போகச் சொல்வாள். அழுவாள், அப்பா ஞாபகத்தில். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், வாங்கிக்கொண்டால் தீர்ந்துவிடும் என்று ஒரு ஆசை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்து, புதுப் பக்கம் எடுத்து, மேலே பன்னிரண்டு என்று எண் போட்டாள். பாதம், டியூப் கட்டு, தண்ணீரில் பச்சை நிழல் என்று எழுதினாள். குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"எந்த மூலை சார்? இடதா, வலதா?"

எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினேன். மேஜை தெரிகிறது, சாக்கு தெரிகிறது, பாதம் நிமிர்ந்து என்னைப் பார்க்க இருக்கிறது, அப்படியானால் கீழ் மூலை, கீழ் மூலைதான். இடதா, வலதா? எந்தக் கையால் சாக்கை விலக்கினேன்? அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் போல இரண்டு கையையும் காற்றில் நீட்டினேன். ஒரு கிழவன் வெறும் காற்றைத் துழாவுவதை அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கின் சொரசொரப்பு எந்த விரலில் இருக்கிறது என்று தேடினேன். இடது கை. இடது கையாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் வலது கை சும்மா இல்லை, வலது கையில் பேனா இருந்தது, மூடி கழற்றிய பேனா. வேண்டாம் என்ற குறிப்பை எழுத ஆரம்பித்துவிட்டுத்தான் நான் சாக்கை விலக்கினேன்.

"இடது" என்றேன். "கீழ் இடது மூலை." அவள் எழுதிக்கொண்டாள்.